கருப்பட்டி முன் சீட்டுக்கு வரவில்லை

செய்தி வந்தபோது நான் பள்ளியில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை. வகுப்பு டீச்சர் என் தோளில் கைவைத்து, “மோளே, பேகு எடுத்தோ. அம்மா வந்நிட்டுண்டு” என்று மலையாளத்தில் சொன்னார். இந்தக் கேள்வியை மட்டும் முடித்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி வைத்தார். ஆட்டோவில் அம்மா, “அத்தைக்கு கல்லாறுல வச்சு நெஞ்சு வலி” என்று மட்டும் சொன்னாள்.

பகவதி அத்தையை அறிந்த எல்லோரும் நாளைக்குப் பதினாறாம் நாள் சடங்குக்கு வருகிறீர்கள். சாப்பாட்டுக்கு முன் நான் வாசிக்க வேண்டியதை அப்பா எழுதித் தந்திருக்கிறார். அதில் ‘அன்னார்’ என்றும் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றும் இருக்கிறது. என் அத்தையை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் வேறு ஒன்று எழுதுகிறேன். ஹாலில் அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

அத்தை எங்கள் வீட்டு மாடியில் இருந்தாள். ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தாள். சொந்தமாக ஒரு காரும் ஒரு நாயும் வைத்திருந்தாள். நாய்க்குக் கருப்பட்டி நிறம், பெயரும் கருப்பட்டி. கார் சீட்டோ பாலாடை நிறம். இதிலிருந்துதான் சண்டை தொடங்கியது.

அப்பாவின் பிறந்த நட்சத்திரத்தன்று அத்தைதான் அவரைக் காரில் கிழக்கேகோட்டைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். அவர் உட்கார்ந்த பின் சீட்டில் நாய்க்காகப் பழைய வேட்டி ஒன்றை விரித்திருந்தாள். பருத்தித் துணியில் நாய்முடி ஊசி போலக் குத்திக்கொண்டு நிற்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அப்பா இறங்கி வரிசையில் நின்றபோது அவருடைய புது வேட்டியின் பின்பக்கம் முழுவதும் கருமுடி. பின்னால் நின்ற அக்ரஹாரத்துப் பெரியவர் ஒருவர், “பிள்ளைவாள், கரடி மேலே உக்காந்து வந்தேளா?” என்று கேட்டுவிட்டார். அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, “எட்டி பகவதி, இனி அந்த வண்டியில ஒண்ணு நான், இல்லேன்னா நாய்” என்றார்.

“அண்ணே, நீங்க கடைக்கு ஸ்கூட்டர்லதான போறீங்க? அவனுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதே” என்றாள் அத்தை.

ஆனால் அடுத்த நாளே என்னைக் கூட்டிக்கொண்டு சாலை பஜாருக்குப் போனாள். முதலில் தார்ப்பாய் வாங்கினாள். உதறினால் முடியெல்லாம் உதிர்ந்தது, ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கருப்பட்டி இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குச் சறுக்கினான். பிறகு பள்ளிப்பை தைக்கிற தடித்த துணியை வாங்கினாள். கடைக்காரர், “எத்தனை பிள்ளையளுக்குக்கா?” என்று கேட்டார். “ஒண்ணுதான். நாலு காலு” என்றாள். அதை முன் சீட்டின் தலைச்சாய்விலிருந்து பின் சீட்டின் தலைச்சாய்வு வரை தொட்டில் போலக் கட்டினாள். புறப்படுவதற்கு முன் முற்றத்தில் வைத்து அவனை நன்றாக வாரிவிடுவாள். “முடி நாய்மேல இருக்கும்போதே எடுத்துரணும். சீட்டுக்கு வந்தபெறவு தேடக்கூடாது” என்பாள். அதையும் மீறி ஒட்டியதை, ரப்பர் கையுறையை லேசாக நனைத்துத் தடவி எடுப்பாள். முடி உருண்டு உருண்டு வரும்.

பெல்ட் விஷயத்தில்தான் அவள் விளையாடவே மாட்டாள். கழுத்துப் பட்டையில் மாட்டினால் பிரேக் போடும்போது கழுத்து ஒடிந்துவிடும் என்று நெஞ்சைச் சுற்றும் பட்டை வாங்கி, அதிலிருந்து ஒரு வாரை சீட் பெல்ட் கொக்கியில் மாட்டினாள். என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னாள்.

“அவனைக் கூப்பிடு. கொஞ்சிக் கூப்பிடணும், டீச்சர் மாதிரி கூப்பிடாத.”

கூப்பிட்டேன். அவன் பாய்ந்து வந்து என் காதை நக்கினான். அத்தை வாரைக் குறைத்தாள். “இன்னும் கூப்பிடு.” திரும்பவும் குறைத்தாள். கடைசியில் நான் எவ்வளவு கெஞ்சினாலும் அவன் மூக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. அவன் அழுதான்.

“பாவம் அத்தை.”

“பாசமெல்லாம் வீட்டுல வச்சுக்கோ. வண்டி ஓட்டுகவளுக்கும் நாய்க்கும் நடுவுல ஒரு சாண் வேணும். அதுதான் நம்ம மூணு பேர் உயிராக்கும்.”

அந்தச் சனிக்கிழமை அத்தை கல்லாற்றுக்கு அவனை நீந்தவைக்கக் கூட்டிப்போனாள். தேர்வு இருந்ததால் நான் போகவில்லை. நெஞ்சு வலித்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்திருக்கிறாள். நாய் விடாமல் குரைப்பதைக் கேட்டுத்தான் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கதவுகளைத் திறந்தார்கள். யாரோ ஒருவர் அவனை அவிழ்த்துவிட்டிருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்தபோது அவன் ரோட்டோரத்தில் கட்டில்லாமல் நின்றிருந்தான். டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார். அப்பா வீட்டுக்கு வந்து, “நாய் அவ மேல பாஞ்சிருக்கு. பயத்துலதான் நெஞ்சு நின்னுருக்கு” என்றார். இப்போது எல்லோரும் அதையே சொல்கிறீர்கள்.

நாளைச் சாப்பாடு முடிந்ததும் பாலோடு ஊரிலிருந்து வருகிற ரப்பர் தோட்டக்காரர் அவனைக் கொண்டுபோகப் போகிறார். திறந்த பிக்கப்பில், கழுத்தில் கயிறு போட்டு.

அத்தையின் கார் வாசலில் உறை போட்டு நிற்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பயம். அம்மா டிபன் பாக்ஸை மூடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அது பெல்ட் மாட்டுகிற சத்தம் போலவே இருக்கும். உடனே கருப்பட்டி ஓடிப்போய்க் காரின் பின் கதவருகே நிற்பான். அவன் புழக்கடையில் தூங்கும் நேரத்திலும் காருக்குள்ளிருந்து துணியைப் பிறாண்டும் சத்தம் எனக்குக் கேட்கிறது. அம்மாவிடம் சொன்னேன். “எலியா இருக்கும்” என்றாள். ஆனால் அவளும் போய்ப் பார்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அப்பா சமையல்காரரைப் பார்க்கப் போயிருந்தபோது நான் காரைத் திறந்தேன். அவள் பவுடர் வாசனை அப்படியே இருந்தது. ரப்பர் கையுறையை நனைத்து, ஓட்டுநர் சீட்டை மேலிருந்து கீழாக அழுத்தித் தடவினேன். அத்தையின் நீளமான தலைமுடி ஒன்று வந்தது. நாய்முடி ஒன்றுகூட வரவில்லை. பக்கத்துச் சீட்டிலும் இல்லை. பாலாடை நிறத்தில் கருமுடி இருந்தால் தெரியாமல் போகுமா?

பின்னால் துணி முழுக்க முடி. நடுவில் நகக் கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஓரிடத்தில் துணியே கிழிந்திருக்கிறது. கீறல்கள் எல்லாம் முன் சீட்டுக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

அவன் அவள்மேல் பாயவில்லை. பாய முடியவில்லை. அவள் அளந்து வைத்த இடத்திலேயே நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்று நான் முன் சீட்டிலிருந்து கூப்பிட்டதுபோல அவளும் அவனைக் கூப்பிட்டிருப்பாளோ என்று நினைக்கிறேன். அந்த நினைப்பு வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். இலை போடுவதற்கு முன் வாசலுக்கு வந்து நீங்களே பாருங்கள். காரைப் பூட்டவில்லை.

அத்தையின் பட்டுப்புடவைகள் மாடியில் இருக்கின்றன. சித்திகளும் மதினிகளும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். வளையல்களையும் யாருக்கு வேண்டுமோ கொடுத்துவிடுங்கள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது கருப்பட்டியை மட்டும்தான்.

அப்பா, எல்லோர் முன்னாலும் இதை வாசித்ததற்கு நீங்கள் என்னை அடிக்கலாம். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அத்தை போனதிலிருந்து பெட்ரூமுக்குப் போகாமல் நீங்கள் ஹாலிலேயே படுப்பதை நானும் பார்க்கிறேன். அவன் போனபிறகு நீங்கள் யார்மேல் கோபப்படுவீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் வந்தால் அவனை இங்கே வைத்துக்கொண்டே திட்டுங்கள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.