பூட்டிய வாசல்களுக்கும் கோலம்

கெலிஓயா பஸ்ஸில் யாரோ ஏற்றிய சாணி மூட்டைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் ஆழ மூச்சிழுத்தேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில், இந்தியாவுக்கும் கொழும்புக்கும் போய்விட்டவர்களின் வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்க, பொங்கலன்று அம்மா எங்கள் வாசலோடு நிறுத்தாமல் அத்தனை வாசலையும் சாணியால் மெழுகி, ஈரம் காயுமுன் கோலம் போட்டுக்கொண்டே போவார்.

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கும்மா கோலம்?" என்பார் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

"ஆளில்லன்னு சொல்லி நீங்க லயத்த இடிச்சிடக் கூடாதுல்ல, ஐயா."

அம்மா இறந்ததும் இடித்தார்கள். இப்போது அங்கே சுற்றுலா ஹோட்டல்.

மூட்டைக்காரரிடம் திரும்பினேன். "அண்ணே, கொஞ்சம் சாணி தருவீங்களா? நாளைக்குப் பொங்கல்."

"எத்தன வாசலுக்குத் தங்கச்சி?"

"ஒரே வாசல்தாண்ணே. ஹோட்டலோட கேட்டு வாசல், கொஞ்சம் அகலம்."