நடுக்கோடு

ஜவ்வாது மலையில் ஒரு மேடு இருக்கிறது. அதற்குக் கிழக்கே இறங்கும் ஓடை செய்யாற்றுக்குப் போகிறது. மேற்கே இறங்கும் ஓடை பாலாற்றுப் பக்கம் போகிறது. இரண்டு ஓடையிலும் விரல் நீளக் கெண்டை உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில், மூன்று வருடம், எனக்கு உலகம் என்றால் அவ்வளவுதான். மேட்டின் இந்தப் பக்கத்து மீனும் அந்தப் பக்கத்து மீனும் ஒரே இனமா, பிரிந்துபோய் இரண்டு இனமாகிவிட்டனவா என்பதுதான் நான் பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சி.

கண்ணால் பார்த்தால் ஒன்றேதான். செதிலை எண்ணினேன், துடுப்பு முள்ளை எண்ணினேன், வாலை அளந்தேன். எல்லாம் ஒன்று. வித்தியாசம் உடம்புக்குள் இருந்தது. மீன் சதையில் துளி எடுத்து அரைத்து, கஞ்சி காய்ச்சி உறையவைத்த மாவுப் பாளம் ஒன்றின் ஓரத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவோம். சதையில் இருக்கும் என்சைம் பாளத்துக்குள் மெல்ல நகரும். பிறகு சாயம் ஊற்றினால் அது போய் நின்ற இடத்தில் நீலக் கோடு தெரியும். கிழக்கு மீனின் கோடு தூரம் ஓடியிருக்கும். மேற்கு மீனின் கோடு பின்தங்கி நிற்கும். முதல் இரண்டு வருடத்தில் ஒரு மீன்கூட இதை மீறவில்லை. எந்தக் காலத்திலோ மரபணுவில் ஓர் எழுத்து மாறி, மேட்டைத் தாண்ட முடியாமல் அந்த மாற்றம் ஒரு பக்கத்திலேயே தங்கிவிட்டது.

மேற்கு மீனுக்கு யாரிடமும் சொல்லாமல் நான் லத்தீனில் ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன். புது இனத்தைக் கண்டுபிடித்தவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் சிரித்துக்கொள்வேன். அகம்பாவம் என்றால் அகம்பாவம்தான்.

போளூரில் பஸ் மாறி மலை ஏறுவேன். மரத்தூள் போட்ட சாக்கில் ஐஸ் கட்டி, ஒரு வலை, பை நிறைய பாட்டில்கள். மேட்டின்மேல் ஒரு சாமைக் கொல்லையை ஒட்டிய வீட்டில் தங்குவேன். அங்கே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்; அண்ணா என்பேன். அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்களுக்கு நான் டீச்சரம்மா. யாருக்கும் நான் பாடம் நடத்தியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்பதாக இல்லை. அண்ணாதான் எனக்கு வலை போட்டு மீன் பிடித்துத் தருவார். "இத்துனூண்டு மீன வச்சிக்கினு இன்னாதான் பண்ணுவீங்களோ, கொழம்புக்கும் ஆவாது" என்று அக்கா சிரிப்பார்.

இரண்டாவது வருடக் கோடையில் மேற்கு ஓடை வற்றிவிட்டது. மடுவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மூன்று நாள் வலை போட்டு நான்கு மீன் கிடைத்தது. நான்கு மீனை வைத்துக்கொண்டு ஓர் இனத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது. "மழ பேஞ்சதும் வாங்க, மீனு இருக்கும்" என்றார் அண்ணா. மழையெல்லாம் முடிந்து தை மாதம் போனேன். மடு நிறைய மீன். நான் அந்த ஓடையைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆய்வகத்துக்குத் திரும்பிப் பாளத்தில் சாயம் ஊற்றினேன். மேற்கு மடுவில் பிடித்த மீன்களில் பெரும்பாலானவை பின்தங்கிய கோட்டைக் காட்டின. சில மட்டும் கிழக்கு மீனைப் போலத் தூரம் ஓடியிருந்தன. என் பேராசிரியர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாட்டில மாத்திட்டியேம்மா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மாத்தல சார்."

"அலைச்சல்ல மாறியிருக்கும். இந்த வருஷத்து மீன விட்டுடு. முன்னாடி எடுத்ததே போதும்."

நான் பாளத்தின் ஓரத்தைக் காட்டினேன். அங்கே ஐந்து மீன்களுக்கு மூன்று மூன்று கோடுகள் இருந்தன. ஓடியது ஒன்று, பின்தங்கியது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் தடிப்பாக ஒன்று. இந்த என்சைம் இரண்டு துண்டுகள் ஜோடி சேர்ந்து ஆவது. தாய் வழியில் ஒரு வகையும் தகப்பன் வழியில் மற்ற வகையும் ஒரே உடம்புக்குள் வந்திருந்தால்தான் கலப்பு ஜோடி உண்டாகி அந்த நடுக்கோடு விழும். இரண்டு மீனைத் தவறிப்போய்ச் சேர்த்து அரைத்தால் இரண்டு கோடுதான் வரும்.

"பாட்டில் மாறினா மீன் மாறும் சார், பிள்ளை பிறக்காது" என்றேன். வாய்த்துடுக்கு எனக்கு எப்போதும் உண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ மேட்டை எப்படித் தாண்டிச்சு?" என்றார்.

அடுத்த வாரமே மலை ஏறினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். அண்ணா கோது பொறுக்கிக்கொண்டிருந்தார். பையைக்கூட இறக்காமல் கேட்டேன்.

"அண்ணா, கெழக்கு ஓடை மீனு மேற்கு மடுவுக்கு எப்படி வந்துச்சு?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா புளி தட்டுவதை நிறுத்தினார்.

"நாங்கதாங்க கொண்டாந்து வுட்டோம்" என்றார் அண்ணா. "ரெண்டு கொடத்துல. கெழக்கால தண்ணி கெடந்துச்சில்ல, மீனும் கெடந்துச்சி."

"எதுக்கு?"

"நீங்க அந்தக் கோடையில பாற மேல ஒக்காந்து அழுதீங்கல்ல" என்றார் அக்கா. "நாலு மீன வச்சிக்கினு. எங்களுக்கு மனசு கேக்கல. படிக்கிற பொண்ணு வெறுங்கையோட போவுதேன்னு இருந்துச்சி."

அழுதது உண்மைதான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். நான் பஸ் ஏறிப் போன பிறகு இந்த இரண்டு பேரும் தலையில் ஆளுக்கொரு குடத்தோடு அந்த மேட்டை ஏறி இறங்கியிருக்கிறார்கள். மடுவில் மிச்சம் இருந்த தண்ணீரில் மீனை விட்டுவிட்டு, தினமும் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. திட்டினேன். யார் கேட்டது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, என் மூன்று வருட வேலையைப் பாழாக்கிவிட்டீர்களே என்று கத்தினேன். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே வெறுப்பு வருகிறது.

அண்ணா எழுந்தார். வலையை எடுத்துக்கொண்டு மேற்கு மடுவுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையை இழுத்து என் முன்னால் தூக்கிப் பிடித்தார். பத்துப் பன்னிரண்டு கெண்டைகள் துள்ளின.

"எது எதுன்னு காட்டுங்க டீச்சரம்மா. கெழக்கத்தி மீன எல்லாம் பொறுக்கி எடுத்துர்றேன். எத்தினி நாளு ஆனாலும் செரி."

நான் குனிந்து பார்த்தேன். மூன்று வருடம் இந்த மீன்களைத் தவிர வேறெதையும் பார்க்காதவள் நான். அந்த வலையில் ஒன்றைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

"தெரியலண்ணா."

"உங்களுக்கே தெரியலீங்களா?"

"வெட்டி அரைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"எல்லாத்தியுமா?"

"எல்லாத்தையும்."

அவர் வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, மீன்கள் மூச்சு வாங்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அதுங்களுக்காச்சும் தெரியுமாங்க, நீ வேற நான் வேறன்னு?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒண்ணா சேந்து குஞ்சு பொரிச்சிருக்காது."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மேடு இவற்றைப் பிரித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். மீன்கள் பிரியத் தொடங்கியிருந்தன, பிரிந்து முடிக்கவில்லை. என் மூன்று வருடக் கேள்விக்கு இரண்டு குடத்தில் பதில் வந்திருக்கிறது, நான் அதைச் சுமந்து வந்தவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அதோடு இன்னொன்றும் புரிந்தது, அது வலித்தது. மேற்கு ஓடையில் மட்டும் இருந்த அந்தக் கோடு இனி கலப்பில்லாமல் இருக்கப்போவதில்லை. போகப் போக நடுக்கோடுதான் பெருகும். அவ்வளவு காலமாக மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்த ஒரு காரியம், நான் அழுததால் நின்றுபோனது.

"மேற்கத்தி மீனு இனிமே இருக்காதுங்களா?" என்றார் அண்ணா. பயந்துதான் கேட்டார்.

"இருக்கும்ணா. தனியா இருக்காது."

"அப்ப நல்லதுதானங்க" என்றார். முகம் தெளிந்துவிட்டது. வலையைக் கவிழ்த்து மீன்களை விட்டார்.

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பசி நேரங்க, அப்டித்தான் வரும், வூட்டுக்கு வாங்க" என்றார். அன்று அக்கா போட்ட சாமைச் சோற்றை நிமிர்ந்து பார்க்காமல் தின்றேன்.

அந்த வருடத்து மீன்களை விட்டுவிட்டால் இரண்டு இனம் என்றே எழுதலாம் என்று பேராசிரியர் இன்னொரு முறை சொன்னார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் விடவில்லை. மூன்று கோடும் தெரிகிற படத்தை ஒட்டி, இரண்டும் ஒரே இனம், பிரியும் வழியில் இருந்தவை என்று எழுதினேன். புது இனமும் போனது, அதற்கு யோசித்த பெயரும் போனது. மீன் எப்படி மேட்டைத் தாண்டியது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மனிதக் குறுக்கீடு' என்று எழுதச் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்குக் கை வரவில்லை. 'என்மேல் இரக்கப்பட்டு இருவர் கொண்டுவந்து விட்டவை' என்று எழுதினேன். அவர் அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். நான் மறுபடியும் அதையே எழுதிக் கொடுத்தேன்.