மேகம் மூடினாலே

உத்தமபாளையத்தில் நான் பார்த்த அந்தப் பெண் மருத்துவருக்கு என் வயதுதான், முப்பதைத் தாண்டியிருக்காது. கட்டையான உருவம், ஆண்கள் கட்டுவது போன்ற பெரிய கைக்கடிகாரம். பேச்சுக்கு நடுவே சுவர்க் காலண்டரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.

மாதவிலக்கு வலியில் நான் சுருண்டு கிடந்தால், தோட்ட வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்பார்கள் வீட்டில். மதுரையில் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்த்த பிறகுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் தெரிந்தது.

“வலி மாத்திரை எப்பப் போடுவீக?” என்று கேட்டார் மருத்துவர்.

“பொறுக்க முடியாமப் போனாத்தான். ஆனா கேக்கவே மாட்டேங்குது டாக்டரம்மா.”

“திராட்சைத் தோட்டந்தான உங்களுக்கு? பந்தலுக்கு மருந்து எப்ப அடிப்பீக?”

“மேகம் மூடினாலே அடிச்சிருவோம். நோய் விழுந்தப்புறம் அடிச்சு என்ன செய்ய?”

“கருப்பைக்குள்ள இருக்கிற சவ்வு மாதிரியே உங்களுக்கு வெளியவும் வளந்திருக்கு. அங்கன ஒரு என்சைம், நொதின்னு சொல்வாக, கூடுதலா இருந்து வலியை உண்டாக்குற பொருளைத் தயார் பண்ணிக்கிட்டே இருக்கு. மாத்திரை அந்த நொதியைத்தான் தடுக்கும். தயாராகி முடிஞ்சதை ஒண்ணும் செய்யாது. வளந்ததுக்கு வேற வைத்தியம் பாப்போம். வலிக்கு முந்தியே சாப்பிட்டுட்டுப் போடுங்க.”

மறுபடியும் காலண்டரைப் பார்த்தார். மேசை டிராயரைத் திறந்து, எனக்கு எழுதிக் கொடுத்த அதே மாத்திரையை எடுத்து விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

“உங்களுக்கும் வலிக்குதா டாக்டரம்மா?”

“இல்ல, நாளைக்கு” என்றார், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

அந்த வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்களை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். முந்திக்கொண்டவரை அன்றுதான் பார்த்தேன்.