குப்பனூர் வழியாக லண்டன்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு முதலில் கண்ணில் பட்டது சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிறு. அதன் நடுவில் ஒரு வேப்பிலைக் கொத்து. அதற்கு அப்பால் குப்பனூருக்கு இறங்கும் சாலை காலியாகக் கிடந்தது.

ஏற்காட்டிலிருந்து இறங்கும் பெரிய மலைப்பாதையில் பாறை சரிந்திருந்ததால் இந்த வழியாக வந்தோம். பிற்பகல் ஒன்று ஐம்பதுக்குப் பெங்களூரில் எனக்கு விமானம். லண்டனில் மகளுக்கு மறுநாள் காலை பிரசவ ஆபரேஷன். மாப்பிள்ளை கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தார். அவளுக்குத் துணை நான் மட்டும்தான்.

பெங்களூரிலிருந்து லண்டன் சுமார் எட்டாயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பத்தரை மணி என்று ஓர் இணையதளம் காட்டியது. பத்திரிகை அலுவலகத்தில் பல வருடம் இப்படிப்பட்ட எண்களைச் சரிபார்த்தவள் நான். அதில் பிழை இல்லை. கவுண்டர் மூட இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போய்ச் சேரலாம் என்ற என் கணக்கிலும் பிழை இல்லை.

கயிற்றருகே துண்டைத் தலையில் கட்டிய ஒருவர் நின்றார்.

"சாமி ஊடு ஊடா வருதுங்கம்மா. முடியற வரைக்கும் வண்டி போகப்படாதுங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"அதச் சாமியத்தானுங்க கேக்கோணும்."

டிரைவர் இறங்கி, "ஏனுங்க, அம்மா லண்டனுக்குப் போறாங்க" என்றார்.

"லண்டனுக்குங்களா? இந்த வழியாக் குப்பனூருக்கே பஸ் ஒழுங்கா வர்றதில்லீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரசவத்தைச் சொன்னால் கயிற்றை அவிழ்ப்பார்கள் என்று நினைத்துச் சொன்னேன். தண்ணீர்க் குடத்துடன் நின்ற பெண் பதறிவிட்டார்.

"மொதப் பிரசவமுங்களா? அப்பச் சாமி பாக்காமப் போலாமுங்களா? உங்க காருக்கும் வரச் சொல்றனுங்க."

"முதலில் இங்கே வரச் சொல்லுங்களேன்."

"வரிசை மாறப்படாதுங்கம்மா. கடைசி ஊடு முடிஞ்சதும் நீங்கதானுங்க."

சாமி அப்போது மேல்கோடியில் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் தூக்கி வந்தவர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் அணைந்த பிறகு அந்த வீட்டுக் குறையை விசாரித்தார்கள். ஒரு வீட்டில் மிளகுக் கொடி காய்க்காததைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. எனக்கு இரண்டு முறை காப்பி வந்தது. திட்டுவதற்கு ஒரு முகமும் கிடைக்காததில் எரிச்சல் இன்னும் ஏறியது. பின்னால் திரும்பவும் வழியில்லை; பெரிய பாதை இன்னும் திறக்கவில்லை என்று டிரைவர் போனில் கேட்டுச் சொன்னார்.

கடைசியில் சாமி காருக்கு வந்தது. என் நெற்றியில் திருநீறு பூசி, அரைத் தேங்காயை மடியில் வைத்தார்கள்.

"நொம்ப நல்லபடியா ஆகுமுங்கம்மா. மெதுவாப் போங்க" என்றார் அந்தப் பெண்.

கயிறு அவிழ்ந்தபோது மணி எட்டே முக்கால்.

விமான நிலையத்தில் கவுண்டரை மூடியிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. மகளிடம் போனில் சொன்னேன். "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அதே நேரத்து விமானத்தில் இடம் கிடைத்தது. ஏறும் வரிசையில் நிற்கும்போது பேத்தி பிறந்தாள்.