திருப்திகரமாக உள்ளது

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அதன் வாசலைக்கூட மிதிக்காதவர்களிடம்தான் அது அதிகம். எங்கள் கம்பெனி பஸ் கவரைப்பேட்டை தாண்டியதும் பேச்சு பிள்ளைகளின் படிப்புக்கு வந்துவிடும். பேக்கிங் செக்‌ஷனில் என் பக்கத்தில் நிற்கும் ஒருத்தி, "அந்த ஸ்கூல்ல சேத்தா புள்ள உருப்புடுமாக்கா? வாத்தியாரு வந்தா பசங்க வராது, பசங்க வந்தா வாத்தியாரு வராது" என்பாள். அவள் மகன் மஞ்சள் வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். "எனக்கு டமில் வராது ஆன்ட்டி" என்றான். பெற்றவளுக்கு அப்படி ஒரு பூரிப்பு. இங்கிலீஷ் எவ்வளவு வரும் என்று நான் கேட்கவில்லை, பாவம்.

என் மகள் அந்த அரசுப் பள்ளியில்தான் பத்தாம் வகுப்பு. அவளுடைய அபிப்பிராயம் ரொம்பச் சின்னது. "கணக்கு மிஸ்ஸு சூப்பரும்மா. பாத்ரூம்தான் பேஜாரு." அவ்வளவுதான். பஸ்ஸில் அரைமணி நேரம் பேசுகிறவர்கள் இதைவிட உருப்படியாக எதுவும் சொன்னதில்லை.

போன வருஷம் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆக்கினார்கள். அங்கே படிக்கும் பிள்ளையின் அம்மாதான் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று விதி. ஊர்ப் பெரிய மனிதருக்கு அதில் சங்கடம். கம்பெனிகளுக்கு லாரி விடுகிறவர், பள்ளியில் எந்த விழா என்றாலும் மாலை அவர் கழுத்துக்குத்தான். ஆனால் அவர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் மஞ்சள் வேன். அதனால் அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. பத்தாவது படித்த, எழுத்து அழகாக இருக்கிற, வாய் திறக்காத கை. என் அம்மா நாற்று நட்டது அவர்கள் வயலில்தான். அந்த வீட்டு ஆள் என் வாசலில் பைக்கை நிறுத்தி, "தலைவியம்மா, இருக்கியா?" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நான் பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன்.

கூட்டம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும். குஷன் வைத்த ஒரே நாற்காலியில் பெரிய மனிதர், அவருக்குப் பக்கத்தில் தலைமை ஆசிரியர், மர பெஞ்சில் நாங்கள். டீ வரும், பிஸ்கட் வரும், தீர்மான நோட்டு வரும். தீர்மானம் ஏற்கெனவே எழுதியிருக்கும். "கழிப்பறை மற்றும் குடிநீர் வசதி திருப்திகரமாக உள்ளது." கீழே பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அந்தக் குறியின் மேல் நான் கையெழுத்துப் போடுவேன். பெஞ்சில் இருந்த மற்ற அம்மாக்கள் டீக்கடையிலும் குழாயடியிலும் இந்தப் பள்ளியை நார்நாராகக் கிழிப்பவர்கள். பிஸ்கட் தட்டு வந்ததும் எல்லோருக்கும் திருப்தி வந்துவிடும். எனக்கும்தான்.

பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் குழாயில் தண்ணீரும் வராது. இது எனக்குத் தெரியும். தெரிந்து நான் செய்தது இதுதான். கம்பெனியில் எங்கள் லைனில் பாத்ரூம் போகச் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அவர் வாட்சைப் பார்ப்பார். அதனால் மத்தியானம் வரைக்கும் நாங்கள் யாரும் தண்ணீரைத் தொடுவதில்லை. அந்த வித்தையை மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். "சோத்தோட ரெண்டு மடக்கு குடி, போதும். பழகிக்கினா ஒண்ணும் தெரியாது." பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. பாட்டிலில் தண்ணீர் அப்படியே திரும்பி வரும். அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன். செடி நன்றாகத் தழைத்தது.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வருஷத்தில் மூன்றாவது முறை. உடம்பு தூக்கிப் போட்டது, ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் அழுதாள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார்.

"இப்படியே போனா கிருமி கிட்னிக்கு ஏறிடும். தண்ணியே குடிக்கறதில்லையா? யாரு குடிக்க வேணாம்னு சொன்னது?"

மகள் என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது மட்டும், "நீதானம்மா தலைவி? கூட்டத்துல சொல்லேன்" என்றாள்.

"பெரியவரு இருக்காரு, எச்.எம். சாரு இருக்காரு. அவுங்களுக்குத் தெரியாததா? நாம இன்னாத்தப் பேசறது?" என்றேன். பஸ்ஸில் வாயடிக்கும் பெண்களை நான் எப்படிப் பார்ப்பேனோ, அதே பார்வையில் வீடு வரும்வரை என்னைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த கூட்டத்தில் ஒரு புதுமை. அதிகாரி ஒருவர் பார்வையிட வரப்போகிறாராம், மாணவர் கருத்துகளை நோட்டில் ஏற்ற வேண்டுமாம். வகுப்புக்கு வகுப்பு துண்டுச் சீட்டு எழுதி வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள். என்னை வாசிக்கச் சொன்னார் தலைமை ஆசிரியர். முதல் சீட்டு, "எங்கள் பள்ளி எங்கள் பெருமை." இரண்டாவதும் அதுவே. பத்துப் பன்னிரண்டு சீட்டு வரை அதே பெருமைதான். கரும்பலகையில் எழுதிப் போட்டு எழுத வைத்திருக்கிறார்கள். பெரிய மனிதர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

அடுத்த சீட்டைப் பிரித்ததும் கையெழுத்து தெரிந்துவிட்டது. நான் பிடித்துப் பழக்கிய கை. நிறுத்தியிருக்கலாம். வாய் வாசித்துவிட்டது.

"பாத்ரூம் நல்லா இருக்குதுன்னு எங்க அம்மா மாசா மாசம் கையெழுத்துப் போடறாங்க. ஒரு நாள் அவங்கள உள்ள போயிட்டு வரச் சொல்லுங்க."

"அதத் தனியா வைம்மா" என்றார் தலைமை ஆசிரியர்.

எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாக இந்தப் பள்ளிக்கு வந்துபோகிறேன், டீ குடிக்கிறேன், ஒருமுறைகூட அந்தக் கழிப்பறைக்குள் போனதில்லை. எத்தனை அவசரமானாலும் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். அப்படி ஓடினவள் போட்ட கையெழுத்துதான் அத்தனையும். பெஞ்சில் இருந்த எல்லோரையும் விட நான்தான் கேவலம் என்று தோன்றியது.

எழுந்தேன். "நான் போயிட்டு வரேன் சார். தாப்பா இல்ல. யாராவது வந்து கதவப் புடிங்க" என்றேன். யாரும் அசையவில்லை. பெரிய மனிதரைப் பார்த்து, "வா நைனா, நீதான எல்லாத்துக்கும் முன்னாடி நிப்ப. வந்து புடி" என்றேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

வராந்தாவில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து நின்ற பிள்ளைகளிலிருந்து என் மகள் வந்தாள். எனக்கு முன்னால் நடந்தாள். உள்ளே நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவின் மேல் விளிம்பில் அவள் விரல்கள் நான்கு தெரிந்தன. கதவு திறந்துவிடக் கூடாது என்று நகம் வெளுக்க அழுத்திப் பிடித்திருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பிடித்துப் பழகிய விரல்கள். அழுதேன். குழாயைத் திருகினேன், காற்றுதான் வந்தது.

திரும்பி வந்து நோட்டை இழுத்து, என் கையெழுத்து இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

"அடிக்கக் கூடாதும்மா, அது ரெகார்டு" என்று பதறினார் தலைமை ஆசிரியர்.

"தெரியும் சார்" என்றேன். கடைசிப் பக்கத்தில் பென்சில் குறி தயாராக இருந்தது. அதன் மேல், "நான் இன்றுதான் உள்ளே போனேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.