சுண்ணாம்பு மாத்திரை

ஆறுமுகநேரி மருந்துக்கடை அண்ணாச்சிக்கு நெற்றி நிறையத் திருநீறு. மாத்திரையோடு திருச்செந்தூர் இலை விபூதியும் கொடுப்பார். அந்தக் கடையில் அது ஒன்றுதான் இலவசம்.

உப்பளத்தில் உழைத்து ஓய்ந்த கிழவிகள் முதியோர் பென்ஷனை வாங்கிய கையோடு அங்கேதான் வருவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கொடுத்த பிரஷர் மாத்திரையைக் காட்டினால், "ஆச்சி, இது வெறும் சுண்ணாம்பு. நோய்க்குக் கேக்காது" என்று சொல்லி, விலை கூடின கம்பெனி மாத்திரையை நீட்டுவார். பாதிப் பென்ஷன் அதிலேயே போய்விடும்.

ஒருநாள் மத்தியானம் அவரே அந்த ஆஸ்பத்திரி மாத்திரையைப் பிரித்து வாயில் போடுவதைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணாச்சி, சுண்ணாம்புன்னு சொன்னீங்களே?"

தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார். "விக்கதுக்கு வச்சிருக்கதை நானே முழுங்குனா கட்டுபடியாகுமா, தம்பி?"

எனக்கும் கொஞ்சம் விபூதி கொடுத்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. சுண்ணாம்பு நன்றாகத்தான் வேலை செய்கிறது.