அப்பாவின் ரேடியோவும் அண்ணனின் கம்ப்யூட்டரும்

பட்டணத்துத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தபோது அண்ணன் ஈஜோக் ஊர்ப் பக்கமிருந்த எங்கள் எஸ்டேட்டுக்கே திரும்பி வந்தார். கையில் ஒரு துணிப்பையும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும். கூட வேலை பார்த்த சீனர் கொடுத்தாராம். பார்க்க வெறும் தட்டச்சுப் பலகை போல இருக்கும். டிவியில் மாட்டி, கேசட்டை ஓடவிட்டு அதிலுள்ள புரோகிராமை வயர் வழியாக உள்ளே ஏற்ற வேண்டும். எங்கள் லயத்து வீட்டில் கேசட் ஓடுவது அப்பாவின் ரேடியோவில் மட்டும்தான்.

செம்பனைக் குலை வெட்டிவிட்டு வரும் அப்பாவுக்கு அந்த ரேடியோவை விட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது. அண்ணன் வந்ததிலிருந்து அதுவும் போயிற்று. சாயங்காலம் கரண்டு வந்ததும் அண்ணன் வயரின் இரண்டு பிளக்கையும் ரேடியோவில் செருகுவார். கீச்சென்று ஒரே இரைச்சல். டிவியில் கோடுகள் ஓடும். பாதியில் நின்று, பிழை என்று ஒரு வரி வரும். மறுபடியும் முதலிலிருந்து.

சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ரேடியோவுக்குள் துடைத்தார். அசாம் ஜாவா கடைத்தெருவுக்குப் போய்ப் புது வயர் வாங்கி வந்தார். என்ன செய்தும் அதே வரிதான்.

"பிளக்கு லூசா இருக்கும்போல. கொஞ்சம் அழுத்திப் புடி லா," என்பார் என்னிடம்.

நாள் முழுக்க நாற்றங்காலில் குனிந்து கன்றுப் பைகளில் மண் நிரப்பிவிட்டு வந்திருப்பேன். தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும். ஆனாலும் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வராது.

ஒருநாள் அப்பா பொறுமையிழந்தார். "இத ஓட்டி என்னடா ஆவப்போவுது? நாளைக்கு வேல குடுக்குமா?"

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதாச்சும் ஒண்ணு என் கையால சரியாவட்டும்பா."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அதே சாயங்காலம் நான் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கை தளர்ந்ததில் இரண்டு பிளக்கில் ஒன்று கழன்று விழுந்தது. திடுக்கிட்டு எடுத்துச் செருகப் போனேன்.

"தொடாத! அப்படியே உடு!"

கோடுகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. இருவரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். இரைச்சல் அடங்கியது. திரையில் ஒரு கட்டமும் ஒரு பந்தும் வந்து நின்றன.

"கம்ப்யூட்டர்லேர்ந்து கேசட்டுல பதிவு பண்ற வயரு அது," என்றார் அண்ணன். "ரெண்டையும் ஒண்ணா மாட்டுனதால போன சத்தம் திரும்பிச் சுத்தி வந்து கெடுத்திருக்கு. ஏத்துறப்ப அத கழட்டி வச்சிருக்கணும்."

"இத்தன நாளும் இதுதானாண்ணே?"

"இதுதான்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. படுத்தால் போதும் என்றிருந்தது. அண்ணன் விசைகளை அழுத்தி அந்தப் பந்தைக் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் தட்டினார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, ரேடியோவைத் துடைத்து அப்பாவின் கட்டிலருகே வைத்தார். ஊருக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுவாரம் கோல சிலாங்கூரில் டிவி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் போய் வேலை கேட்டார். அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் யாரும் எழுப்பாமலே எழுந்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.